சிகிச்சைக் கோப்பு நோயாளிக்குக் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர் நோயைக் கண்டறியத் தவறியதால் உடல் கெட்டுப்போனவர்களுக்கு உற்றார் சொல்லும் யோசனை இரண்டுதான். போலீசுக்குப் போ என்பார்கள். இல்லையென்றால் விதி என்று விட்டுவிடச் சொல்வார்கள். இடையில் சட்டம் தந்திருக்கும் வழிகள் பலருக்குத் தெரிவதில்லை. எந்த வழியில் போவதானாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது சிகிச்சைக் கோப்பு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அக்காவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, மார்பில் இருந்த கட்டியை அகற்றினார்கள். திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். தையல் பிரிக்கப் போனபோது, "சாதாரணக் கட்டிதான், கவலைப்படாதீர்கள்" என்றார் மருத்துவர். அடுத்த ஆண்டு அக்குளில் நெறி கட்டியபோது வேறு ஊரில் காட்டினோம். புற்றுநோய் அதற்குள் பரவியிருந்தது. பழைய கோப்பைக் கேட்டோம். விதியில் இடமில்லை என்றார்கள். பிறகு மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுத்த பிறகே நகல் வந்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று அந்த விதி தெளிவாகச் சொல்கிறது. கோப்பின் நடுவில் ஆய்வக அறிக்கை இருந்தது. புற்றுநோய் என்று அதில் அப்போதே எழுதியிருந்தார்கள். யாரும் அதை எடுத்துப் படிக்கவில்லை. அந்தக் காகிதத்தை அக்கா எப்படிப் பார்த்தாள் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நோய் பிடிபடாமல் போவதெல்லாம் அலட்சியம் ஆகிவிடாது. அதே சூழ்நிலையில் போதிய திறமையுள்ள மற்றொரு மருத்துவர் எப்படி நடந்திருப்பார் என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது. அது நியாயமும்கூட. குற்ற வழக்கு என்றால் அளவுகோல் இன்னும் கடுமையானது. அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அது மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்க முடியும், இழப்பீடு தராது.

இழப்பீட்டுக்குப் பெரும்பாலோர் போகக்கூடிய இடம் நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இலேயே உறுதியாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வேறொரு மருத்துவர் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று பலர் பயமுறுத்துவார்கள். மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை அளித்ததால் மனைவியை இழந்த கிஷன் ராவ் என்பவரின் வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதற்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். நோய் இருப்பதே தெரியாதவருக்கு அது எப்போது தொடங்கும்? பாதிப்பு வெளியே தெரியாத வழக்குகளில், நியாயமான அக்கறை காட்டியிருந்தால் அது தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்ன அதே வழக்கில் ஒரு பெண்மணியின் மனு தள்ளுபடியானது. 1993-இல் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தபோது வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் வலியோடு இருந்தும் அவர் அந்த மருத்துவரிடம் போய்க் கேட்கவில்லை என்பதே காரணம். இந்த நாட்டில் எத்தனை பெண்கள் வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு என்னைத் தூங்கவிடவில்லை. உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள்தாம் பாதுகாக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அக்காவின் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அரசு செய்யக்கூடியவை இரண்டு உள்ளன. 72 மணி நேர விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவிலும் மாட்ட ஆணையிட வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பிறகு வரும் ஆய்வக முடிவை, மருத்துவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், நோயாளிக்கு நேரடியாக அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது நடைமுறையில் இருந்திருந்தால் அக்காவுக்கு ஓராண்டுக்கு முன்பே சிகிச்சை தொடங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்