பதினாலாவது ஆள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான். இங்கே நெதர்லாந்தில், லைடனில் மழை. அத்தை கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம், அதை அப்புறம் எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஹாலில் இருந்த கடல் படத்தை, ஆண்டவரும் சீஷர்களும் புயலில் படகில் போகிறதை, சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன். ராணி நாள் சந்தையில் அப்பா பேரம் பேசி வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாரே, அதுதான். பழைய படங்களைச் சீர்செய்கிற அம்மாள் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக் காட்டினாள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு எச்சிலாக்கி, ஓரத்தில் மெல்ல உருட்டினாள். பஞ்சு டீக்கறை மாதிரி ஆகிவிட்டது. எச்சில் மேலழுக்கைத்தான் எடுக்குமாம். மஞ்சளாகிப்போன வார்னிஷுக்கு வேறு மருந்து.

போன வாரம் போனபோது வார்னிஷ் பாதி போயிருந்தது. நீ சின்னப் பிள்ளையில் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணுவாயே, பன்னிரண்டு சீஷர்களும் ஆண்டவரும் பதிமூன்று, சரியாயிருக்கிறது என்று. பதினாலு பேர் இருக்கிறார்கள், ராசா. ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மறு கையால் தொப்பியை அமுக்கிக்கொண்டு, நேரே நம்மைப் பார்க்கிறான் ஒருவன். இத்தனை வருஷமும் அந்த மஞ்சளுக்குள்ளே இருந்திருக்கிறான். ஓவியர் ரெம்பிராண்ட் தன் முகத்தையே அங்கே வைத்தாராம். 1633இல், உன்னைவிடச் சின்ன வயசில் வரைந்தது. அவர் வரைந்ததில் கடல் படம் இது ஒன்றுதான். நம்முடையது யாரோ பார்த்து வரைந்த நகல், ஆனாலும் அந்த ஆளை விட்டுவிடவில்லை பார்.

மூலப்படம் நீ இருக்கிற பாஸ்டனில்தான் இருந்தது, கார்ட்னர் மியூசியத்தில். 1990 மார்ச் 18 விடியுமுன்னே போலீஸ் உடுப்பில் இரண்டு பேர் வந்து, காவலாளிகளைக் கட்டிப்போட்டு, 13 பொருட்களை எடுத்துப்போனார்கள். இந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கத்தியால் அறுத்திருக்கிறார்கள். ஒரு கோடி டாலர் வெகுமதி என்று அறிவித்தும் திரும்பி வரவில்லை. மியூசியத்தைக் கட்டிய அம்மா, வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும் என்று உயில் எழுதிவைத்துவிட்டதால், வெறும் சட்டம் இன்றும் அங்கேயே தொங்குகிறது.

சர்ச்சில் எல்லோரிடமும் என் மகன் பாஸ்டனில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே இருந்துகொண்டு இதை ஒரு தடவை எட்டிப்பார்க்க உனக்கு நேரமில்லை. எனக்கு ஒரு வார்த்தை பேசவும் நேரமில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம், "தூங்குகிறார், அத்தை" என்கிறாள் மருமகள். அங்கே மத்தியானம் மூன்று மணிக்கும் தூங்குகிறாய். ஆபீஸ் நாளிலும். அவள் குரலும் முன்னே மாதிரி இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, கொஞ்சம் வெளியே நட.

வேதத்தில் அந்தப் புயல் வருகிற மாற்கு நாலாம் அதிகாரத்தைத்தான் இப்போது அடிக்கடி வாசிக்கிறேன். படகின் பின்னணியத்தில் தலையணை வைத்து ஆண்டவர் நித்திரையாயிருக்கிறார். சீஷர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. தட்டி எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்றே கேட்டுவிட்டார்கள். ஆண்டவரிடமே அப்படிக் கேட்கலாம் என்றால் பெற்ற அம்மாவிடம் சொல்ல முடியாதது என்ன இருக்கிறது? வேலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இங்கே உன் அறை இருக்கிறது, அப்பாவின் பென்ஷன் வருகிறது. உனக்கு மூச்சு முட்டினால் டிக்கெட் போட்டு வா, காரணம் கேட்க மாட்டேன்.

அதுவரை, மருமகளையும் கூட்டிக்கொண்டு அந்தச் சட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா. செவ்வாய்க்கிழமை மூடியிருக்குமாம், வேறு நாளாகப் பார். பார்த்துவிட்டு அன்றைக்கே கூப்பிடு. கூப்பிடாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே கூப்பிடுவேன். தூங்கினாலும் எழுப்பிவிடு என்று மருமகளிடம் சொல்லியாயிற்று.

ஜெபத்துடன்,
அம்மா