ஆல்பர்ட் ஃபாலைக் கேட்ட கேள்வியை இன்று உங்களால் கேட்க முடியுமா? – அமெரிக்க செனட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, தேர்தல்தோறும் வாக்களிக்கும் தமிழர்களில் நானும் ஒருத்தி. செனட்டின் அழைப்பாணையை நீதிமன்றம் மூலம் அமல்படுத்தும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிர்வாகத் துறை அதிகாரிகளுக்கு இருக்கும் ஒரு விலக்கை நீக்கக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். அது ஏன் ஆபத்தானது என்பதை அறிய, உங்கள் அவையே தோண்டியெடுத்த டீபாட் டோம் ஊழலைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

வயோமிங்கில் டீபாட் டோம், கலிஃபோர்னியாவில் எல்க் ஹில்ஸ். இரண்டும் போர்க்காலத் தேவைக்காகக் கடற்படைக்கு ஒதுக்கிவைத்த எண்ணெய் நிலங்கள். 1921 மே மாதம் அதிபர் வாரன் ஹார்டிங் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு, அவற்றை அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் செயலர் ஆல்பர்ட் ஃபாலின் பொறுப்பில் விட்டார். மறு ஆண்டே டீபாட் டோம் டெண்டர் இல்லாமல், ரகசியமாக, எண்ணெய்த் தொழிலதிபர் ஹாரி சின்க்ளேரின் நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. எல்க் ஹில்ஸ் இன்னொரு எண்ணெய்த் தொழிலதிபர் எட்வர்ட் டொஹேனிக்குப் போனது. ஃபால் அதற்குமுன் நியூ மெக்சிகோவின் செனட்டர். நம்மவர்தானே என்று, குழு விசாரணைகூட இல்லாமல் அவருடைய நியமனத்துக்கு ஒப்புதல் தந்தது உங்கள் அவைதான்.

அதே அவைதான் பிறகு விழித்துக்கொண்டது. 1922 ஏப்ரலில் விசாரணை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் ராபர்ட் லா ஃபாலெட். ஹார்டிங்கின் குடியரசுக் கட்சிக்காரர். அவையில் பெரும்பான்மையும் அந்தக் கட்சிக்கே. தீர்மானத்துக்கு ஆதரவாக 58 வாக்குகள் விழுந்தன. எதிராக ஒன்றுகூட இல்லை. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

விசாரணையைச் சுமந்தவர் மொன்டானாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் தாமஸ் வால்ஷ். மலைபோல் வந்து குவிந்த ஆவணங்களைப் பொறுமையாகப் படித்தார். அவதூறு கிளப்புகிறவர் என்று பத்திரிகைகள் வசைபாடியும் விடவில்லை. நியூ மெக்சிகோவில் ஃபாலின் பண்ணையைப் பார்த்துவந்த ஒரு பத்திரிகை ஆசிரியர் செனட் விசாரணைக் குழுமுன் சாட்சி சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் கையில் பணமில்லை என்று சொன்ன மனிதரின் பண்ணைக்குப் புதிய சாலை, வாசலில் தூண்கள், வரிசையாக மரங்கள். நெடுநாள் வரிப் பாக்கி மொத்தமாகத் தீர்ந்திருந்தது. சின்க்ளேரின் பண்ணையிலிருந்து உயர்ரக மாடுகளும் வந்து சேர்ந்திருந்தன.

பணம் ஏது என்று கேட்டதற்கு, வாஷிங்டன் போஸ்ட் உரிமையாளர் எட்வர்ட் மெக்லீன் 1,00,000 டாலர் கடன் கொடுத்தார் என்றார் ஃபால். வால்ஷ் ஃபுளோரிடாவின் பாம் பீச்சுக்கே போய் மெக்லீனை விசாரித்தார். கொடுத்த காசோலைகள் மாற்றப்படாமலே திரும்பி வந்துவிட்டன என்று அவர் ஒப்புக்கொண்டார். 1924 ஜனவரியில் டொஹேனி குழுமுன் வந்து உண்மையைச் சொன்னார். அந்த 1,00,000 டாலரையும் தன் மகன் கையில் ரொக்கமாக, ஒரு கறுப்புப் பையில் வைத்துக் கொடுத்தனுப்பியதாகவும், அது பழைய நண்பருக்குத் தந்த கடன் என்றும் சொன்னார். ஹார்டிங் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். அவர் பணம் வாங்கியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 1927-இல் இரண்டு குத்தகைகளையும் செல்லாதவை ஆக்கியது. ஃபால் 1931-இல் சிறைக்குப் போனார். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர். அவர் லஞ்சம் வாங்கியது குற்றம் என்று ஒரு ஜூரி சொன்னது. அதே பணத்தைக் கொடுத்த டொஹேனியை இன்னொரு ஜூரி விடுதலை செய்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இந்த வழக்குகளை நடத்த, நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஹாரி டாஹெர்ட்டியின் துறையை நம்ப முடியாத நிலை. அதனால் ஹார்டிங்குக்குப் பின் வந்த அதிபர் கூலிட்ஜ் கட்சிக்கு ஒருவராக இரண்டு தனி வழக்கறிஞர்களை நியமித்தார். டாஹெர்ட்டியையும் உங்கள் அவை விசாரித்தது. அவருடைய சகோதரர் அழைப்பாணையை மதிக்காதபோது, ஆள் அனுப்பிக் கைது செய்தது. அது சரியே என்று 1927-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் உங்கள் அதிகாரம் இன்றும் அந்தத் தீர்ப்பில்தான் நிற்கிறது.

அந்தக் கைது அதிகாரத்தை நீங்கள் பயன்படுத்தி ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகின்றன. அழைப்பாணையை மதிக்காதவர்மீது அவமதிப்பு வழக்கென்றால் நீதித்துறையின் வழக்கறிஞரிடம் போக வேண்டும். அவரோ அதிபருக்குக் கீழே பணிபுரிகிறவர். மிஞ்சியிருப்பது நீதிமன்றத்தின் மூலம் அழைப்பாணையை அமல்படுத்த வழிசெய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம். அரசின் சார்பில் மறுக்கும் நிர்வாகத் துறை அதிகாரிகளுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஃபால் இன்று பதவியில் இருந்து, குத்தகை ஆவணங்களைத் தர முடியாது என்று அதிபரின் ஒப்புதலோடு சொன்னால், இந்தச் சட்டத்தைக் காட்டி நீங்கள் நீதிமன்றப் படியேற முடியாது. எந்தக் கட்சி அதிபரானாலும் இதுதான் நிலை.

அந்த விலக்கை நீக்குங்கள். இத்தகைய வழக்குகளை நீதிமன்றம் விரைந்து முடிக்கக் காலக்கெடுவும் சேருங்கள். திருத்தத்தை இரு கட்சியிலிருந்தும் ஆளுக்கொருவராகக் கையெழுத்திட்டுக் கொண்டுவாருங்கள். என் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் தனியாக அனுப்பியிருக்கிறேன். வாக்கெடுப்பு வரும் நாளில் அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருத்தி