இந்தத் தடவை நாள் குறிக்கவில்லை

கும்பகோணம்,
கார்த்திகை 3

அன்புள்ள தேவகி,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு நீ இரண்டு தடவை போன் பண்ணியும் நான் எடுக்கவில்லை. திட்டுவதாக இருந்தால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வித்யாவுக்கு எட்டாவது மாதம். ஜனவரி 20 டியூ டேட். பெரியவனையும் கூட்டிக்கொண்டு இங்கேதான் இருக்கிறாள். திருச்சிப் பாட்டியின் மூக்குக்கண்ணாடியை உடைத்ததை இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் போன மாதம், "முதல்ல ஆபரேஷன், அதனால இதுவும் ஆபரேஷன்தான். ஜனவரி முதல் வாரம் வெச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வித்யா வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று. சம்பந்தியம்மாள் உடனே, தை பிறக்கட்டும், உத்தராயணத்தில் நல்ல நட்சத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். வித்யா அதை என் கையிலிருந்து வாங்கி மூடி, அலமாரியில் வைத்துவிட்டு, "அம்மா, இந்தத் தடவை நீ நாள் குறிக்க வேண்டாம்" என்றாள். அதட்டவில்லை, கோபப்படவும் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேவகி, உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பெரியவன் பிறந்தபோது 'லேசாகச் சளி, அதனால் தனியாக வைத்திருக்கிறார்கள்' என்று போனில் சொன்னேனே, அது சளி இல்லை. அவன் வயிற்றுக்குள் தலை மேலே, பிட்டம் கீழே என்று உட்கார்ந்திருந்தான். ஆபரேஷன் என்று சொன்னது சரிதான், அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் 39 வாரம் முடியட்டும் என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். ஜோசியரிடம் போனது நான். ரோகிணி என்று 37ஆவது வாரத்தில் ஒரு நாளை எழுதி வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு தடவை கேட்டு அவரைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். பிள்ளை பிறந்தவுடன் அழுதான். ஒரு மணி நேரத்தில் மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நாலு நாள் இங்குபேட்டர். வித்யா ஒரு கையால் தையலை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் பால் பீய்ச்சிய சின்னக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்பாள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். பிரசவ வலி எடுக்கும்போது குழந்தையின் நுரையீரலில் இருக்கும் நீர் வேகமாக வடியுமாம். நாள் முந்த முந்த இந்த இரைப்பு வர வாய்ப்பும் கூடுமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வித்யாவுக்கு எப்போது தெரிந்ததோ, அவள் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

சரி, இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அவளே விசாரித்து, தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்றார்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு இருந்தது. அந்தம்மா அதில் எல்.எஸ்.சி.எஸ். என்ற நாலு எழுத்தின் மேல் விரலை வைத்து, "இதுதான் வேணும்" என்றார். கர்ப்பப்பையின் அடிப்பாகத்தில் கீறிய சிசேரியன் என்று அதற்கு அர்த்தமாம். லேபர் வார்டில் இருந்த உனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். 'ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்' என்று நியூயார்க்கில் கிரேகின் என்ற டாக்டர் 1916இல் எழுதினாராம். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பாகத்தை நெடுக்குவாக்கில் கீறுவார்கள், அடுத்த வலியில் அது விட்டுப்போகும். இப்போது அடிப்பாகத்தில் குறுக்காகக் கீறுகிறார்கள், அது நன்றாகக் கூடிக்கொள்கிறது. அதனால் வித்யா மாதிரி இருப்பவர்கள் வலி வரும்வரை காத்திருந்து பார்த்தால், 100 பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிடுகிறதாம். முதல் ஆபரேஷனுக்குக் காரணம் பிள்ளை திரும்பாததுதான், இது தலை திரும்பியிருக்கிறது, இடைவெளியும் மூன்று வருஷம் ஆகிவிட்டது, அதனால் நம்பிக்கையாகவே இருக்கலாம் என்றார். மறுபடி ஆபரேஷன் என்றால் நாளும் நேரமும் கையில் இருக்கும். ஆனால் அடுத்தடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பிலேயே வேரோடிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடுமாம். வித்யாவுக்கு மூன்றாவதும் வேண்டுமாம், கேட்டுக்கொள்.

அப்புறம் அந்தம்மா மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார். வலி எடுக்கும்போது 200 பேரில் ஒருவருக்குத் தையல் போட்ட இடம் விட்டுவிடலாம். அப்படி ஆனால் நிமிஷக் கணக்கில் தியேட்டருக்குள் போயாக வேண்டும். அதனால் மயக்க டாக்டரும் ரத்தமும் ராத்திரி பகல் தயாராக இருக்கும் இடத்தில்தான் இதற்கு இறங்க வேண்டும், குழந்தையின் துடிப்பை மிஷினில் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வலி வர வைக்கும் மாத்திரையும் கொடுக்க மாட்டாராம்.

வித்யாவுக்கு 199 பேர் தெரிகிறார்கள். எனக்கு அந்த ஒருத்திதான் தெரிகிறாள், அவளுக்கு என் பெண்ணின் முகம். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். போன வாரம் தழும்பு அரிக்கிறது, சிவந்திருக்கிறதா பார் என்று காட்டினாள். ஒரு சாண்கூட இல்லை, வெளுத்த நூல் மாதிரி ஒரு கோடு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவும்போது என் விரல் நடுங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்தான் கேட்டேன், ஏண்டி இவ்வளவு பிடிவாதம் என்று. ஊரார் 'சுகப்பிரசவமா, ஆபரேஷனா' என்று கேட்பதற்காகவா என்றேன். "இல்லம்மா, ஆபரேஷன் ஆனதுல எனக்கு வெட்கமே கிடையாது. காரணம் இருந்தா நானே போய் டேபிள்ல படுத்துக்கறேன். காரணம் இல்லாம, என்னைக் கேக்காம வேண்டாம்" என்றாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பையும் காட்டினாள். நாடு முழுக்க 100 பிரசவத்தில் 21, 22 பேருக்குத்தான் ஆபரேஷன், நம் தமிழ்நாட்டில் 45. தனியார் ஆஸ்பத்திரி மட்டும் என்றால் 64. "இத்தனை பேருக்குமா காரணம் இருந்திருக்கும்?" என்று கேட்டாள். லேபர் வார்டிலேயே காலம் தள்ளியவள் நீ, நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் அவள் இஷ்டப்படியே என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை அவள் பக்கம். சம்பந்தியம்மாள் இரண்டு நாள் பேசவில்லை, இப்போது திருக்கருகாவூர் விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இங்கிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தை நம்ப முடியாது. அதனால் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே என் நாத்தனார் வீட்டில் போய் இருக்கப்போகிறோம். அங்கிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிஷம்.

நீ வர வேண்டும். வித்யா நீ பிடித்த பிள்ளை. 1993இல் பதினாலு மணி நேரம் நான் உன் கையைப் பிடித்து முறுக்கினேனே, நீ "இப்ப கத்தாதே, முக்கு" என்று அதட்டினாயே, அந்தக் குரல் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அப்படி அதட்ட வராது, அவளுக்கு முன்னால் நான் அழுதுவிடுவேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் வீடு வைத்திருக்கிறாய், பெண்ணின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே தாயாக வந்த தாயுமானவர் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவிரியில் வெள்ளம் என்று நீ சாக்குச் சொல்ல முடியாது, நீ வரும்போது மார்கழி, தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும். வாழைத்தார் நேர்ந்துகொண்டிருக்கிறேன், அதையும் நீயே கட்டிவிட்டு வா.

உன் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை இரண்டு இருந்ததே, கிழித்துவிடாதே. பிள்ளையைச் சுற்ற அவ்வளவு மெத்தென்று இங்கே எதுவும் இல்லை. துவைத்து வெயிலில் காய வைத்து எடுத்துவா. பஸ் ஏறியதும் போன் பண்ணு, இந்தத் தடவை எடுப்பேன்.

உன்
சாந்தா