அப்பாவின் தண்ணீர் பாட்டிலில் பொட்டு ஒட்டியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் அச்சகத் தோழர்களுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் கழுத்திலிருந்த டயாலிசிஸ் குழாயை எடுத்துவிட்டார்கள். பாதிப் பேருக்குப் போனிலேயே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதில் என்ன புரிந்ததோ தெரியாது, அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் 2.1-ல் நிற்கிறது. இப்போதைக்கு டயாலிசிஸ் தேவையில்லை. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் போய்விடவில்லை, வாராவாரம் வயிற்றில் போடும் போர்டிசோமிப் ஊசி தொடர்கிறது. ரத்தத்தில் அந்த நோய் உண்டாக்கும் கெட்ட புரதம் குறையக் குறைய சிலருக்குச் சிறுநீரகம் திரும்ப வேலைக்கு வரும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் அப்பாவும் ஒருவராகிவிட்டார்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், சம்பளத்தைப் பிடிக்காத அச்சக முதலாளி, ரத்தம் கொடுக்க பைக்கில் வந்து இறங்கிய கல்லூரிப் பிள்ளைகள், காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமானச் சான்றிதழுக்கு எனக்காக அலைந்த மாமா, விருதுநகர் அரசு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் அப்பாவை "ஐயா, இன்னைக்கு என்ன சினிமா?" என்று கேட்டே ஊசி குத்திய சிஸ்டர்கள், அம்மாவைத் தனியாக விடாத தெருக்காரர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். அப்போது விரிவாகப் பேசுவோம்.

இந்த மடலில் நான் அதிகம் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவின் சிகிச்சைக்காக வேலூரில் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும், நாமே சமைத்துக்கொள்ளலாம். எங்கள் மாடியில் முக்கால்வாசி வங்காளத்துக்காரர்கள். கடைகளில் போர்டே வங்காளத்தில்தான். பக்கத்து அறையில் மேற்கு வங்காளத்துப் பர்த்வானிலிருந்து வந்த ஒரு அம்மா. எல்லோரும் "மாஷி" என்றார்கள், வங்காளத்தில் சித்தி, பெரியம்மா என்பதுபோல, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கணவருக்குச் சிறுநீரக மாற்று செய்வதற்கான பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன.

மைலோமாக்காரர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அந்தப் புரதம் சிறுநீரகத்தின் குழாய்களில் போய் அடைக்காமல் இருக்க. புற்றுநோய் டாக்டர் அப்படித்தான் ஆரம்பித்தார். சிறுநீர் குறைந்து டயாலிசிஸ் என்று ஆனதும் எல்லாம் தலைகீழ். உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை; காலில் தேங்கும், நுரையீரலில் தேங்கும். முந்தைய நாள் சிறுநீர் எவ்வளவோ அதோடு அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது என்றார் சிறுநீரக டாக்டர். அப்பாவின் கணக்குக்கு முக்கால் லிட்டர் வந்தது. காபி, ரசம், கஞ்சி எல்லாம் அதற்குள்ளேதான். அதுவும் வேலூர் வெயிலில்.

கேன்சரைவிட அந்தத் தண்ணீர்தான் என்னைக் கொன்றது. டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்ட இரவுகளில் அப்பாவுக்குத் தூக்கம் வராது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு மடக்கு குடு தாயி" என்பார். இல்லை என்பேன். அரை மணி நேரத்தில் மறுபடி. எனக்குச் சோறு ஊட்டிய மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணி இல்லை என்று சொல்ல நான் யார்? ஒருநாள் நான் கத்திவிட்டேன், அவரும் கத்தினார். லாட்ஜ் சுவர் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை மாஷி கதவைத் தட்டினார். கையில் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. எவ்வளவு என்று விரலால் கேட்டார். முக்கால் என்று காட்டினேன். அந்த அளவுக்கு நிரப்பி, மேலிருந்து கீழாக இரண்டு சிவப்புப் பொட்டு ஒட்டினார். முதல் பொட்டு வரை மத்தியானத்துக்குள், அடுத்தது சாயங்காலம், கடைசிப் பொட்டுக்குக் கீழே இருப்பது ராத்திரிக்கு. அப்பா கையில் காபி டம்ளர் இருந்தது. மாஷி அதைப் பார்த்துவிட்டு, அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்து வாளியில் ஊற்றிவிட்டார். காபி குடித்தால் இங்கே குறையும், ரசம் குடித்தாலும் இங்கே குறையும். பேச்சே தேவைப்படவில்லை.

பிறகு பாட்டிலை மூடி அப்பாவிடம் கொடுத்தார். என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

இதை எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அளவைச் சொல்வது அவர்கள் வேலை, அந்த அளவோடு ராத்திரியைக் கழிப்பது நம் வேலை. அன்றிலிருந்து அப்பா என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, அச்சில் நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்ப்பார். காபியை அவரே நிறுத்தினார், "தண்ணிக் கணக்குல போயிருதுல்ல" என்று. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிச்சம் பிடித்து, ராத்திரி பத்து மணிக்கு ராஜா மாதிரி இரண்டு மடக்கு குடிப்பார். நான் மறுபடி மகளாக மட்டும் இருந்தேன்.

உருளைக்கிழங்கும் மாஷி சொல்லிக்கொடுத்ததுதான். தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிறைய வைத்து வேகவிட்டு, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் கொஞ்சம் குறையும். காய் வேகவைத்த தண்ணீரில் சத்து இருக்கிறது, ரசத்துக்கு வை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். முதல் தடவை கொட்டும்போது கை வரவில்லை. மாஷி என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார்.

அவர் கணவருக்கு மாற்று அறுவை சிகிச்சை அடுத்த மாதம். தானம் தருவது மாஷிதான். இதை நாங்கள் கிளம்பும் அன்றுதான் மருந்துக்கடைத் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். தன் உடம்பில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் எங்கள் பாட்டிலுக்கு வந்து பொட்டு ஒட்டியிருக்கிறார். அந்தத் தம்பிக்குத் தமிழும் வங்காளமும் தெரியும். இந்த மடலை மாஷிக்குப் படித்துக்காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாஷி, அறுவைக்கு நான் வருகிறேன். அறைக்கு ஒரு ஆள் வேண்டும், சமைக்க ஒரு ஆள் வேண்டும். உங்களுக்குப் பிடித்த மீனை எனக்குச் சமைக்கத் தெரியாது, பக்கத்தில் நின்று திட்டுங்கள்.

விருதுநகரில் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இந்தப் பொட்டு வேலையைக் காட்ட ஆரம்பித்திருக்கிறேன். டாக்டர் சொன்ன அளவு என்ன என்று முதலில் கேட்டுவிட்டுத்தான். ஒவ்வொருவருக்கும் அது வேறு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதுகுவலி என்று மாதக்கணக்கில் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அப்பாவின் சிறுநீரகம் கெட்டதற்கு முதல் காரணம் நோய்தான், ஆனால் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்ததை அந்த மாத்திரைகள் மேலும் அடித்தன என்றார்கள். வலி விடவில்லை என்றால் ஹீமோகுளோபினும் கிரியேட்டினினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது டாக்டர் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கச் சொல்லிவிட்டார். அப்பா குடிக்க மாட்டேன் என்கிறார். சொம்பைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே திரிகிறாள்.

பார்க்க வருகிறவர்கள் வாங்க. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு வேண்டாம், பொட்டாசியம் இன்னும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆப்பிள் கொண்டுவரலாம். சளி, காய்ச்சல் இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில் மீதி இருப்பது ஊசிச் செலவுக்கு. கணக்கு நோட்டு கூடத்து அலமாரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.