முடி விஷயம்

சிவமயம்

பள்ளத்தூர்,
மாசி 3

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு ஆத்தாவும் நானும் சுகம். அங்கு நீயும் மருமகளும் சுகமாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதம். இரண்டாம் கட்டில் ஓடு மாற்றியாயிற்று. மற்றதெல்லாம் பழையபடிதான்.

அங்கே சிங்கப்பூர் வந்திருந்தபோது உன்னை எடுத்த போட்டோவை உன் சின்ன அத்தை அனுப்பினாள். உன் முடி தோளைத் தொடுகிறது. பின்னால் ஒரு ரப்பர் பேண்ட் வேறு. ஆத்தா தினமும் அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் முடி வெட்டிக்கொள்ள மாட்டான், அதுதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கேட்டுவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நானும் கேட்கவில்லை.

ஆமாம், ஆபீஸில் இந்த முடிக்கு ஒன்றும் சொல்வதில்லையா? இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை என்கிறார்கள். அப்படியும் இருக்கும். தலைக்கு எண்ணெய் வை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர்ச் சூட்டுக்கு நல்லது.

நம் வீட்டில் முடியைப் பற்றிப் பேசாத தலைமுறை கிடையாது. முகப்பில் மாட்டியிருக்கிற ரங்கூன் படத்தில் பாட்டையா மழித்த தலையும் பட்டை விபூதியுமாக உட்கார்ந்திருப்பார். ஐயா முதன்முதலில் கிராப்பு வைத்துக்கொண்டு வந்தபோது பாட்டையா மூன்று நாள் அவரோடு பந்தியில் உட்காரவில்லையாம். அதே ஐயா, நான் பெல்பாட்டமும் காதை மூடின ஸ்டெப் கட்டிங்குமாகத் திரிந்தபோது, "அது தலையா, தூக்கணாங்குருவிக் கூடா?" என்று வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். இப்போது எதிர்வீட்டுப் பையன் இரண்டு பக்கமும் மெஷின் போட்டு வழித்துவிட்டு உச்சியில் மட்டும் பூந்தொட்டி வைத்திருக்கிறான். அவன் அப்பனும் கத்துகிறான்.

உனக்குச் சொன்னதே இல்லை. 1976ல் நானும் அந்தக் கூட்டோடுதான் நீ இப்போது இருக்கிற ஊருக்குப் போனேன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் ஜாகை. அங்கே அரசாங்க ஆபீசுகளில் படம் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருப்பான்: முடி வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று. நெற்றி முடி புருவத்தைத் தொடக் கூடாது, காதை மூடக் கூடாது, பின்னால் சட்டைக் காலரைத் தாண்டக் கூடாது. எனக்கு மூன்றும் இருந்தது. காலையில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த கிழவர், கைப்பிள்ளைக்காரி எல்லாரும் காரியம் முடித்துப் போய்விட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்று சாயங்காலமே வெட்டிக்கொண்டேன். அவமானம் என்றால் என்ன என்று தெரிந்துதான் இருந்தது எனக்கு. தெரிந்தும் உனக்கு அதைச் செய்தேன்.

2002, அரைப்பரீட்சை முடிந்த வாரம். நீ ஒன்பதாவது. முன்னால் எடுப்பாகத் தூக்கிச் சீவி, கழுத்தில் ஃபங்க் விட்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தியதால்தான் சலூனுக்கு இழுத்துக்கொண்டு போனேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது இல்லை தம்பி. பள்ளிக்கூடத்தில் கிராப்பைக் குறைக்கத்தான் சொன்னார்கள். அன்று காலையில் கூட்டாளி கணக்கில் கையை விரித்துவிட்டான். பணம் போனதோடு இல்லை, கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் என்னை அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தால் நீ கண்ணாடி முன்னால் நின்று சீவிக்கொண்டிருக்கிறாய். மொட்டை போடு என்றேன். சலூன்காரரே தயங்கினார். நீ அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கீழே விழுகிற முடியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊரில் கேட்டவர்களுக்குப் பழனி வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். அதற்கப்புறம் உனக்கு எது வேண்டுமானாலும் "ஆத்தா, அப்பச்சிகிட்டச் சொல்லுங்க" தானே.

நீ ப்ளஸ் டூ படிக்கும்போது, 2006ல், லாகூர் மேட்சில் முஷாரப் தோனியைப் பார்த்து, முடியை வெட்டிவிடாதே, இதுதான் நன்றாக இருக்கிறது என்றார். பட்டாலையில் டி.வி. முன்னால் எல்லோரும் கைதட்டினோம். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். பக்கத்து நாட்டு ஜனாதிபதிக்கு ஊரான் பிள்ளை முடி மேல் இருந்த மனசு எனக்கு இல்லையே என்று அன்றைக்கே தோன்றியது. உள்ளே வந்து சொல்லியிருக்கலாம். மேட்ச் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பழனி என்று பொய் சொன்ன முடி பழனிக்குப் போகவில்லை, சலூன்காரர் கூட்டித் தள்ளிய குப்பைக்குத்தான் போனது. அடுத்த தைப்பூசத்திலிருந்து குன்றக்குடியில் கிளம்பி நகரத்தார் காவடியோடு வருஷா வருஷம் நடந்தேன். சிங்கம்புணரி தாண்டி நத்தம் வரும்போதெல்லாம் கால் கொப்புளத்தோடு அந்த நினைப்பும் வரும். சரி, நடந்தால் கழிந்துவிடும் என்று இருந்தேன். இந்த வருஷம் முட்டி விடவில்லை. காரில் போய், மலையடிவாரத்தில் என் தலையை நீட்டினேன். "என்ன செட்டியாரே, எனக்கு இதில் வேலையே இல்லையே" என்று நாவிதர் சிரித்தார். இருந்ததைக் கொடுத்துவிட்டேன். பொய்க்கு உன் பேரைச் சொன்னேன், அதனால் சீட்டும் உன் பேருக்கே வாங்கினேன்.

என் மொட்டைத் தலைப் போட்டோவையும் சின்ன அத்தை அனுப்பி வைப்பாள். பார்த்துப் பதறிவிடாதே. வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆத்தா நன்றாக இருக்கிறாள், சீப்புச் சீடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். சின்ன அத்தை மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறோம்.

அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் ஒரு வரி எழுது. ஏதாவது இருந்தாலும் எழுது, ஆத்தா வழியாக வேண்டாம். எண்ணெய் வைக்க மறக்காதே.

இப்படிக்கு,
அப்பச்சி