வலிக்கிற அன்று ஓரமாக உட்கார வைப்பது போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் வலிக்கு மாத்திரையில்லாத வழிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் உடற்கல்வி ஆசிரியை. "மிஸ், வயிறு வலிக்குது" என்று வரும் பிள்ளையை மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் பல பள்ளிகளில் நடக்கிறது. அவளுக்கு உட்காரத் தோன்றினால் தாராளமாக உட்காரட்டும். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று மருத்துவம் சொல்லவில்லை.

கருப்பையின் உள்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதன் தசையை இறுக்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது. அடிவயிற்றைப் பிசைவது அதனால்தான். வாரம் மூன்று முறையாவது, 45 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்தால் இந்த வலி நன்றாகவே குறையக்கூடும் என்கிறது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. ஓட வேண்டும் என்றில்லை. யோகாவும் தசைகளை நீட்டும் பயிற்சியும் போதும். ஆனால் மாதம் முழுக்கச் செய்ய வேண்டும். வலிக்கிற அன்று பிடித்து ஓடவிடுவதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

அன்றைக்குக் கைகொடுப்பது சூடு. அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும், சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூடுள்ள பட்டை, ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்கு ஈடாக வலியைத் தணித்ததாக வயது வந்த பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2001-லேயே காட்டியது. உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், கவனியுங்கள். வலி பொறுக்காமல் வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றி, அதை வெறும் தோலில் வைத்துக் கொப்புளம் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். வைத்தபடியே தூங்கக் கூடாது. பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கும் முதலுதவிப் பெட்டியோடு ஒரு வெந்நீர்ப் பையும் இருக்கட்டும் என்பதே பள்ளி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள்.

இன்னொன்று. "மாத்திரையே கூடாது" என்று பெற்றோர் வைராக்கியம் பிடிக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் ஓரிரு நாள் வலி மாத்திரை போட்டால் கருப்பை கெட்டுவிடாது. ஒத்தடமும் பயிற்சியும் பலிக்காமல் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போடுகிறாள், வலி கூடிக்கொண்டே போகிறது, மாதவிடாய் இல்லாத நாளிலும் வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்ற காரணம் இருக்கலாம். "போகப் போகச் சரியாயிடும்" என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னும் பூப்பெய்தாத பிள்ளைக்கு மாதம் தவறாமல் வயிறு மட்டும் வலித்தால் அதையும் சாதாரணமாக விடாதீர்கள்; ரத்தம் வெளிவரும் பாதை அடைபட்டிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை