காலைத் தட்டச் சொன்ன டிரம்பெட் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறை இசை வகுப்புகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கீபோர்டு, கிடார், வயலின் பகுதியெல்லாம் நன்றாக வந்திருந்தது. டிரம்பெட்டுக்குக் கடைசியில் நாலே வரி, அதிலும் எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒன்றுதான், தினம் ஒரு மணி நேரம் ஊதினால் வந்துவிடும் என்கிற மாதிரி ஒரு வரி. நான் முப்பது வருஷமாகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். சின்ன வயதில் அதே மாதிரி ஒரு பேச்சை வேதவாக்காக நம்பி என் மேலுதடு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் அதற்குரிய சுரம் வந்துதான் தீரும். டிரம்பெட்டில் விரலால் அமுக்குகிற வால்வு மூன்றுதான். ஒன்றையும் அமுக்காமலே, மேல்நாட்டுச் சுரப் பெயரில் சொன்னால், கீழ் சி, அதற்கு மேல் ஜி, அதற்கு மேல் இன்னொரு சி, ஈ, ஜி என்று அடுக்கடுக்காக வரும். எது வரவேண்டும் என்று முடிவு செய்வது உதடும் மூச்சும். விரல் வேலையைக் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம், உதட்டுக்குள் நடப்பதை யார் பார்ப்பது? அதனால்தான் ஒவ்வொரு வாத்தியாரும் ஒவ்வொரு வழியைப் பிடித்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது ஆர்பன் புத்தகம். ஜான் பாப்திஸ்த் ஆர்பன் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைப்பள்ளியில் டிரம்பெட்டின் தம்பி மாதிரியான கார்னெட் வாத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவர், புத்தகம் 1864இல் வந்தது. டிரம்பெட்காரர்களின் பைபிள் என்பார்கள், தடிமனும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதன் உயிர் நாக்கில் இருக்கிறது. து-கு து-கு, து-து-கு து-து-கு என்று நாக்கை ஓடவிடுவார். நம் ஊரில் நாகஸ்வரக்காரர்கள் துத்துக்காரம் என்று சொல்வார்களே, அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகவே தெரியாது. அடுத்து, அமெரிக்காவின் புகழ்பெற்ற சூசா பேண்டில் கார்னெட் வாசித்த ஹெர்பர்ட் கிளார்க். 1912இல் வந்த அவருடைய புத்தகத்தில் வரிசைகளை மெதுவாக, கிசுகிசு மாதிரி, ஒரே மூச்சில் திரும்பத் திரும்ப ஊதச் சொல்வார். ஜேம்ஸ் ஸ்டாம்ப் என்ற அமெரிக்க வாத்தியார் வெறும் மௌத்பீஸில், அதாவது உதட்டில் வைக்கிற ஊதுவாயில் மட்டும், ஆரம்பிப்பார், மேலே ஏறும்போது கீழே இறங்குவதாக நினைத்துக்கொள் என்பார். கிளார்க்கிடம் படித்த கிளாட் கார்டன், ஊதின நேரத்துக்குச் சமமாக ஓய்வு கொடு என்று அடித்துச் சொன்னவர். அந்த ஒன்றை மட்டும் எனக்குப் பதினாலு வயதில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

எனக்குக் கிடைத்ததோ ஆர்பனின் முதல் இருபது பக்கம் ஜெராக்ஸ். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். கன்னத்தை உப்பாதே, உயரமான சுரம் வரவில்லையென்றால் மௌத்பீஸை இன்னும் அழுத்து, அவ்வளவுதான் பாடம். அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் நின்றுபோகும், மரத்துப்போகும், மரத்துப்போனதும் இன்னும் அழுத்தத் தோன்றும். ஈஸ்டர் முடிந்து வில்லியனூர் மாதா திருவிழா வரும், சித்திரை வெயில் வேறு. ஒரு வருஷம் தேர் பவனியில் பாதி வழியில் எனக்கு உதடு போய்விட்டது, வாயில் வைத்தால் காற்று மட்டும் வருகிறது. கையில் டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு ஊதுகிற மாதிரி நடித்துக்கொண்டே கோயில் வரைக்கும் நடந்தேன். பக்கத்தில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியம் ஊதின அண்ணன் கவனித்துவிட்டார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் டீக்கடையில் ஒரு புத்தகத்தின் நகலைக் கையில் திணித்தார்.

அது கார்மைன் கருசோவின் முறை. இதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வந்தேன், கொஞ்சம் சுற்றிவிட்டேன், மன்னிக்கவும். கருசோ நியூயார்க்கில் பித்தளை வாத்தியக்காரர்களுக்குப் பாடம் சொன்னவர், ஆனால் அவர் வாசித்ததோ சாக்சபோன். டிரம்பெட் அவருடைய வாத்தியமே இல்லை! நம் பக்கத்தில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? குரு வாசித்துக் காட்டுவார், சிஷ்யன் அதை அப்படியே பிடிக்கவேண்டும், அதுதான் பாடம். கருசோ வாசித்துக் காட்டவே மாட்டார் என்றால் வேறு எதைச் சொல்லிக்கொடுப்பார்? தசைகளுக்கு நேரம் சொல்லிக்கொடுப்பார். ஊதுவது முதலில் உடம்பு வேலை, உதடு, தாடை, வயிறு, மூச்சு எல்லாம் ஒரே நொடியில் ஒன்றுசேர வேண்டும், சேருவதற்கு ஒரு தாளம் வேண்டும் என்பது அவர் கணக்கு.

விதி நாலு. தாளத்துக்குக் காலைத் தட்டு. பயிற்சி முடியும்வரை மௌத்பீஸை உதட்டிலிருந்து எடுக்காதே. காற்றை ஒரே சீராக விடு. மூச்சை மூக்கால் மட்டும் இழு. முதல் பயிற்சியில் ஆறே சுரம், ஜியில் தொடங்கி அரைச் சுரம் அரைச் சுரமாக சி வரை, நொடிக்கு ஒரு தட்டு. தட்டுக்கு நடுவே மனசுக்குள் இன்னும் சின்னதாகப் பிரித்து எண்ணிக்கொள்ள வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடினவர்களுக்கு இதில் புதுசாகப் பயப்பட ஒன்றுமில்லை. வாயை எடுக்காதே, மூக்கால் இழு என்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் உதடு புதுசாக இடம் தேடுகிறது, அந்த வேலை மிச்சமானால் தசை ஒரே காரியத்தைப் பழகும். போகப்போகத் தாவல்கள் பெரிசாகும், சத்தமே வராத உயரம் வரை ஏறச் சொல்வார்.

மற்றவர்களிடமிருந்து இவர் பிரியும் இடம் இதுதான்: அந்தப் பயிற்சி நேரத்தில் சத்தம் எப்படி வருகிறது என்று கவலைப்படாதே என்கிறார். ஆர்பனிடமோ கிளார்க்கிடமோ இதைச் சொல்லியிருந்தால் வகுப்பைவிட்டுத் துரத்தியிருப்பார்கள். எனக்கே முதல் ஒரு மாதம் கூச்சமாக இருந்தது. முத்தியால்பேட்டையில் சுவருக்குச் சுவர் ஒட்டின வீடு. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "முன்னெல்லாம் பாட்டா வரும், இப்ப என்ன தம்பி மாடு கத்துற மாதிரி இருக்கு, உடம்புக்கு ஏதும் ஆகிடுச்சா" என்று நிஜமாகவே விசாரித்தார். ஆறு மாதம் ஆயிற்று. அடுத்த வருஷம் பவனி முழுக்க ஊதினேன். முழுக்க என்றால், நடுநடுவே டிரம் மட்டும் அடிக்கச் சொல்லி உதட்டுக்கு ஓய்வு கொடுத்துத்தான், அது கார்டன் பாடம்.

அதற்காக எல்லாப் பிள்ளைகளும் நாளைக்கே கருசோவைத் தொடங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். வாயை எடுக்காமல் ஊதச் சொல்வதால், அழுத்துகிற பழக்கம் உள்ளவன் இன்னும் அழுத்திக் கெடுத்துக்கொள்வான். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதோடு இது சாப்பாடு இல்லை, தண்டால் பஸ்கி மாதிரி. அதை முடித்துவிட்டுப் பாட்டை ஊதவேண்டும், பாட்டுக்கு ஆர்பன்தான், இன்றைக்கும் நான் அதைத்தான் திறக்கிறேன். கிரேடு பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு வழி. நாலு மணி நேரம் வெயிலில் நடந்து ஊதுகிற, அதற்குள் கல்யாண ஊர்வலத்துக்கு ஆள் வரச்சொல்லிப் போன் வருகிற எங்களுக்கு வேறு வழி.

அடுத்த கோடைக்கு இதே பக்கத்தைப் போடுவதாக இருந்தால் அந்த நாலு வரியைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் வகுப்புக்குப் போய், உயரமான சுரம் வரவில்லையென்றால் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். அழுத்தச் சொல்வோம் என்றால் டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பேண்டு செட் டிரம்பெட்காரன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.